பாலாற்று மணல், எம்-சாண்ட், அரகோனைட்: 3 அடி உப்புநீர் தொட்டிக்கு எது? எவ்வளவு ஆழம்?

#1 காட்பாடிக் கடல்

வணக்கம். நன்னீர் மீன் வளர்ப்பு எனக்குப் பழைய பழக்கம். உப்புநீருக்கு இப்போதுதான் வருகிறேன். தொட்டி வந்து இறங்கிவிட்டது: 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கீழே சம்ப் (வடிகட்டும் துணைத் தொட்டி), ஸ்கிம்மர் (நுரை கிளப்பிக் கழிவை எடுக்கும் கருவி). ஆர்.ஓ.வுக்குப் பின்னால், மிச்ச உப்பை ரெசினால் பிடிக்கும் டி.ஐ. குடுவையும் மாட்டியாகிவிட்டது, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது.

மணலில் வந்துதான் மாட்டிக்கொண்டேன். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஊரில் உள்ள கடைக்காரர் "கோரல் சிப்ஸ் போடுங்க சார், மூணு இன்ச் போட்டாப் போதும்" என்கிறார். பெரியப்பா வீட்டில் கட்டட வேலை முடிந்து பழைய பாலாற்று மணல் ஒரு ஓரமாகக் குவிந்து கிடக்கிறது, "நல்லா கழுவிப் போட்டா கண்ணாடி மாதிரி இருக்கும், எதுக்குக் காசு குடுத்து மணல் வாங்கறே?" என்று அவர் கேட்கிறார். சென்னை நண்பர் ஒருவர் மணலே வேண்டாம் என்கிறார். வீடியோக்களில் ஒருத்தர் ஒரு அங்குலம் என்றால் இன்னொருத்தர் ஆறு அங்குலம் என்கிறார்.

வைக்க நினைப்பது: ஒரு ஜோடி க்ளவுன், ஒரு கோபி, ஒரு ராஸ் என்று மீன்கள், அப்புறம் மெதுவாக சாஃப்ட் கோரல் (மென்பவளம்). என்ன மணல், எவ்வளவு?

#2 நெமோ632

ப்ரோ, மணலே போடாதீங்க. வெறும் கண்ணாடித் தரைதான் பெஸ்ட். அழுக்கு தெரியும், சைஃபன் போட்டு எடுத்துடலாம். நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரை முழு வேகத்தில் வைக்கலாம், மணல் பறக்காது. என் தொட்டியில் மணல் எடுத்ததிலிருந்து நிம்மதி.

#3 உப்புத்தண்ணி (ராணிப்பேட்டை)

நெமோ தம்பி சொல்வது அவர் வைத்திருக்கும் குச்சிக் கோரல் தொட்டிக்குச் சரி. பலத்த நீரோட்டம் வேண்டும் என்றால் மணல் தொல்லைதான். ஆனால் கேள்வி கேட்டவர் கோபியும் ராஸும் வைக்கப்போகிறார். ராஸில் பல வகை மணலுக்குள் புதைந்துதான் தூங்கும், மணல் இல்லாமல் அது எங்கே போகும்? அவருக்கு மணல் வேண்டும்.

காட்பாடிக்காரரே, சுருக்கமாக: அரகோனைட் மணல் (கால்சியம் கார்பனேட் மணிகள்), மணி அளவு அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை, சராசரி 4 சென்டிமீட்டர் ஆழம். பாலாற்று மணல் பெரியப்பா வீட்டிலேயே இருக்கட்டும்.

ஏன் என்றால், பாலாறு எந்தெந்த ஊர் வழியாக வருகிறது என்று நாம் எல்லோருக்கும் தெரியும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம், வேலூர், ராணிப்பேட்டை. தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவு பல பத்தாண்டுகளாக இந்த ஆற்றிலும் அதன் நிலத்தடி நீரிலும் இறங்கியிருக்கிறது. எங்கள் ஊரில் குரோமியக் கழிவுக் குவியல் இருக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை, கிணற்றுத் தண்ணீரின் மஞ்சள் நிறமே சொல்லும். மீன் ஓரளவு தாங்கும். இறால், நத்தை, கோரல் தாங்காது. முதுகெலும்பு இல்லாத பிராணிகளுக்கு உலோகம் என்றாலே ஆகாது, அதிலும் செம்பு துளி இருந்தாலும் ஆபத்து.

கோரல் சிப்ஸும் வேண்டாம். அது 3, 4 மில்லிமீட்டர் துண்டு. மீன் கழிவு, மிச்சத் தீனி எல்லாம் இடுக்கில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மேலே பார்க்க வெள்ளையாக இருக்கும், கீழே சாக்கடை. கோபி வாயில் அள்ளிச் சலிக்கவும் முடியாது.

#4 பாலாற்றுப் பையன் (பள்ளிகொண்டா)

ஐயா, எப்போது பார்த்தாலும் பாலாற்றைப் பழிக்கிறீர்கள். நன்னீர் தொட்டியில் இந்த மணலைத்தான் போட்டிருக்கிறேன், செடியும் செழிப்பு, மீனும் செழிப்பு. எல்லா மணலிலும் குரோமியமா இருக்கிறது? 2021 நவம்பரில் வந்த வெள்ளம் ஆற்றையே புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. கழுவினால் போய்விடும். வெளிநாட்டு மணல் மூட்டைக்குக் கொட்டிக் கொடுக்கும் காசில் நாலு மீன் வாங்கலாம்.

#5 ஆம்பூர் லேப்

இரண்டு பேருமே பாதி சரி. தோல் ரசாயனத்தில் வேலை பார்ப்பதால் இதில் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

தோல் பதனிடப் பயன்படுத்துவது பேசிக் குரோமியம் சல்ஃபேட், அதாவது மூன்று இணைதிறன் குரோமியம். அது தண்ணீரில் அவ்வளவாகக் கரைந்து திரியாது, களிமண்ணிலும் வண்டலிலும் ஒட்டிக்கொள்ளும். பளபளவென்று கழுவின பெருமணலில் அது மிகக் குறைவாகவே மிஞ்சும். ராணிப்பேட்டைக் குவியலின் பிரச்சினை வேறு, அது ஆறு இணைதிறன் குரோமியம், தண்ணீரில் நன்றாகக் கரையும், விஷமும் அதிகம். மஞ்சள் நிறம் அதனுடையது. ஆகவே "பாலாற்று மணல் எல்லாம் விஷம்" என்று ஒரே அடியாகச் சொல்ல முடியாது.

ஆனால் உங்கள் பெரியப்பா வீட்டுக் குவியல் எந்த இடத்தில் அள்ளியது என்று அவருக்கே தெரியாது. லாரியில் வந்தது. அதைச் சோதிக்க ஆகும் செலவில் இரண்டு மூட்டை அரகோனைட் வாங்கிவிடலாம். பிறகு எதற்கு வம்பு?

இன்னொன்று. "ஆற்று மணலில் சிலிக்கா இருக்கிறது, அதனால் பழுப்புப் பாசி வரும்" என்று யாராவது இங்கே எழுதப்போகிறார்கள், அதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். குவார்ட்ஸ் மணல் உப்புநீரில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். டயட்டம் பாசிக்குத் தீனியாகும் சிலிகேட் பெரும்பாலும் தண்ணீர் வழியாக வருகிறது. நம் மாவட்டம் முழுக்கக் கருங்கல் பாறை, அதில் ஊறி வரும் போர்வெல் தண்ணீரில் சிலிகேட் தாராளமாக இருக்கும். டி.ஐ. ரெசின் தீர்ந்துபோகும்போது முதலில் தப்பித்து வெளியே வருவதும் அதுதான், டி.டி.எஸ். மீட்டரில் அது சரியாகத் தெரியவும் தெரியாது. பாசி வந்தால் மணலைத் திட்டுவதற்கு முன் ரெசினைப் பாருங்கள்.

பாலாற்று மணலில் எனக்கு உண்மையான ஆட்சேபம் கருப்பு மணிகள் மேல்தான். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி உலர்ந்த மணலில் இழுத்துப் பாருங்கள், மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். இரும்புத் தாது. வேவ்மேக்கருக்கும் கண்ணாடி துடைக்கும் காந்தத்துக்கும் அது ஆகாது. எம்-சாண்ட் இன்னும் மோசம்: கருங்கல்லை உடைத்தது, முனை எல்லாம் கூர். மணலுக்குள் புகுந்து தூங்கும் மீனின் வயிறு கிழிந்துவிடும்.

#6 காட்பாடிக் கடல்

நன்றி லேப் சார். காந்தம் சோதனை செய்தேன். நீங்கள் சொன்ன அதே மீசை.

கடைக்காரரிடம் "அரகோனைட்" என்று உதிரியாக எடை போட்டு விற்கிறார்கள், கவரில் பெயர் ஒன்றும் இல்லை. அது நிஜமா என்று எப்படிப் பார்ப்பது?

#7 ஆம்பூர் லேப்

சமையல் வினிகர் போதும். இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்து, ஒன்றில் ஒரு ஸ்பூன் கடை மணல், இன்னொன்றில் ஒரு ஸ்பூன் ஆற்று மணல். இரண்டும் மூழ்கும்வரை வினிகர் ஊற்றுங்கள். கார்பனேட் என்றால் பொசுபொசுவென்று நுரைக்கும், ஒவ்வொரு மணியிலிருந்தும் சரம் சரமாகக் குமிழி ஏறும். குவார்ட்ஸ் சும்மா கிடக்கும். மார்பிள் பொடியும் நுரைக்கும், அதனால் இது முழு நிரூபணம் இல்லை. மார்பிள் பொடியாக இருந்தால் லென்ஸில் பார்த்தால் உடைந்த சர்க்கரை போலப் பட்டை பட்டையாக மின்னும். கடல் மணல் உருண்டையாக, மங்கலாக இருக்கும், நடுநடுவே சிப்பித் துண்டு தெரியும்.

#8 காட்பாடிக் கடல்

பார்த்தாகிவிட்டது. கடை மணல் நுரைத்தது, ஆனால் மினுக்குகிறது, சிப்பித் துண்டு ஒன்றுகூட இல்லை. ஆற்று மணலில் எங்கோ இரண்டு குமிழி மட்டும். கட்டட மணல் என்பதால் பழைய சுண்ணாம்பு ஒட்டியிருக்கும் போல.

சென்னை கொளத்தூர் மீன் சந்தைக்குப் போய்ப் பெயர் போட்ட மூட்டையாகவே வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் ஒரு சந்தேகம். பவளத்தை உடைத்துத்தானே இந்த மணல் செய்கிறார்கள்? அது சட்டப்படி சரியா?

#9 உப்புத்தண்ணி (ராணிப்பேட்டை)

நல்ல கேள்வி. மூட்டையில் வரும் மணலில் பெரும்பகுதி பவளத்தை உடைத்தது இல்லை. பஹாமாஸ் பக்கத்து ஆழமில்லாத கடலில் தண்ணீரிலிருந்தே சுண்ணாம்பு படிந்து படிந்து உருளும் மணிகள் உண்டு, ஊலைட் என்பார்கள். கேரிப்சீ மாதிரி நிறுவனங்கள் அதை அள்ளி விற்கின்றன. அதனால்தான் அந்த மணி அவ்வளவு உருண்டையாக இருக்கிறது.

நம்மூர் கதை வேறு. "ராமேஸ்வரத்திலிருந்து வந்தது, தூத்துக்குடியிலிருந்து வந்தது" என்று யாராவது பவளத் துண்டோ லைவ் ராக்கோ (உயிர்கள் ஒட்டிய கடல் பாறை) காட்டினால் தொடவே தொடாதீர்கள். 2001-ல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். செத்த பவளம் என்றாலும் வனத்துறை பிடிக்கும். மன்னார் வளைகுடா 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. சுற்றி இருந்த பவளப் பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தார்கள், அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாமல் தீவு அரித்துப் போனது. ட்ரை ராக் (உயிர் இல்லாத உலர்ந்த பாறை), அல்லது சிமெண்டில் செய்த பாறை வாங்குங்கள். பாக்டீரியா தானாக வந்து குடியேறும்.

மெரினா மணல் அள்ளிவரும் யோசனையும் சிலருக்கு வரும். சென்னைக் கடற்கரை மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான், கூடவே கருப்பும் சிவப்புமாகக் கனமான தாது மணல். அதிலும் காந்தத்தில் ஒட்டும். கடற்கரை மணல் என்றாலே சுண்ணாம்பு மணல் என்று நினைக்கக் கூடாது.

#10 ஆற்காட்டு அக்கா

ஆழம் பற்றி யாரும் ஒழுங்காகப் பேசவில்லையே. எந்த மீன் என்று முடிவு செய்துவிட்டு ஆழத்தைப் பாருங்கள் தம்பி.

க்ளவுனுக்கு மணல் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஹாலிகோரிஸ் வகை ராஸ் என்றால் மென்மையான மணல் குறைந்தது 5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். விளக்கு அணைவதற்குச் சற்று முன்பே தலைகீழாகப் பாய்ந்து புதைந்துகொள்ளும், காலையில் நிதானமாக எழுந்து வரும். புதிதாக விட்ட ராஸ் இரண்டு மூன்று நாள் வெளியே வராமலே இருக்கும். செத்துவிட்டது என்று நினைத்து மணலைக் கிளறித் தேடாதீர்கள், அந்தப் பதற்றத்திலேயே செத்துப்போகும்.

தொட்டி முழுக்க 5 சென்டிமீட்டர் வேண்டும் என்று இல்லை. முன்பக்கம் 3, பின்மூலையில் 6 என்று சரிவாகப் போடலாம். ராஸ் தனக்கு வேண்டிய மூலையைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

கோபியில் எது? வாட்ச்மேன் கோபி என்றால் சரி, ஒரு பிஸ்டல் இறாலுடன் சேர்த்து விடுங்கள். இறால் நாள் முழுக்கப் பள்ளம் தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும். இறாலுக்குக் கண் தெரியாத குறை, ஒரு மீசையை எப்போதும் கோபியின் மேல் வைத்தபடியே வெளியே வரும். கோபி வாலை ஆட்டினால் இரண்டும் உள்ளே. அந்த இறால் சுரங்கத்துக்குக் கூரை வைக்கச் சிப்பித் துண்டும் சிறு கல்லும் தேடும், அதனால் மணலில் ஒரு கைப்பிடி பெரிய துண்டுகளையும் கலந்துவிடுங்கள்.

டைமண்ட் கோபி வாங்கப்போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். மணலை வெள்ளை வெளேரென்று வைத்திருக்கும், உண்மைதான். வாயில் அள்ளி, செவுள் வழியாக மணலைக் கொட்டி, உள்ளே இருக்கும் சின்னப் புழு பூச்சிகளைத் தின்னும். புதுத் தொட்டியில் தின்ன என்ன இருக்கிறது? நாள் முழுக்க வேலை செய்துகொண்டே மெலிந்து போகும். போதாததற்கு மேலே நீந்திப் போய் மணலைத் தூவும், கோரல் மேல் எல்லாம் மணல் அபிஷேகம். மணல் நட்சத்திர மீனும் அப்படித்தான், 3 அடித் தொட்டி அதற்குப் பட்டினிச் சிறை.

#11 ஆழ்மணல்

4 சென்டிமீட்டர் போட்டு என்ன லாபம்? பெயருக்கு ஒரு மணல், அவ்வளவுதான். 12, 15 சென்டிமீட்டர் போடுங்கள். மேல் அடுக்கில் ஆக்சிஜன் இருக்கும், கீழே போகப் போக இருக்காது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடும். கண்ணாடி ஓரம் மணலுக்குள் குமிழி தெரியும், பார்க்கவே அழகு. மொனாகோவில் ஜோபேர் என்ற ஆய்வாளர் மணலுக்கு அடியில் வெற்றிடம் விட்டுத் தொட்டி நடத்தினார். அமெரிக்காவில் ஷிமெக் என்ற உயிரியலாளர் ஆழ்மணலைப் பற்றி எழுதி எழுதி ஒரு தலைமுறையையே மாற்றினார். சும்மா இல்லை.

#12 உப்புத்தண்ணி (ராணிப்பேட்டை)

ஆழ்மணல் ஐயா, தத்துவம் சரி. ஊர் வேலூர்.

முதலில் கணக்கு. 90 செ.மீ. நீளம், 45 அகலம், 15 ஆழம் என்றால் 60 லிட்டர் மணல். லிட்டருக்கு ஒன்றரை கிலோ வைத்தால் 90 கிலோ. ஒன்றரை அடி உயரத் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு மணலுக்கே போய்விடும், மீன் எங்கே நீந்தும்? அதே தொட்டிக்கு 4 செ.மீ. என்றால் 16 லிட்டர், 24 கிலோ. பாறை உட்காரும் இடத்தைக் கழித்தால் 20 கிலோ மூட்டை போதும்.

இரண்டாவது, சித்திரை வைகாசி. வெளியே 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இல்லாதவர் தொட்டியில் தண்ணீர் 30-ஐத் தொடும். 25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30-ல் 6.2 தான். அதே சமயம் சூட்டில் எல்லா உயிருக்கும் மூச்சு வேகமாக வாங்கும். ஆழ்மணல் என்பது கோடிக்கணக்கில் புழுவும் பாக்டீரியாவும் வாழும் இடம், பெரும்பாலானவை ஆக்சிஜன் குடிக்கிறவை. இதில் மதியம் கரண்ட் போய், இன்வெர்ட்டரில் பம்ப் மாட்டாமல் இருந்தால்? முதலில் மூச்சுத் திணறுவது மீன்கள்.

மூன்றாவது, ஆழ்மணலில் உள்ள புழு, ஆம்ஃபிபாட் (இறால் இனத்துச் சிறு பூச்சி) எல்லாம் கடலில் வளரும் உயிர்கள். நல்ல லைவ் ராக்கோடு வந்தால்தான் வரும், இங்கே அது சட்டப்படி கிடைக்காது. அவை இல்லாத ஆழ்மணல் வெறும் கசடு மூட்டை. நைட்ரேட் குறைய ஸ்கிம்மரும், சம்பில் கொஞ்சம் கீட்டோமார்ஃபா பாசியும், ஒழுங்கான தண்ணீர் மாற்றமும் போதும்.

#13 ஆழ்மணல்

கரண்ட் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். என் தொட்டியில் பேட்டரி ஏர்பம்ப் எப்போதும் தயாராக இருக்கும். புதியவருக்கு இது தலைவலிதான். ஆனால் சம்பில் ஒரு வாளி ஆழ்மணல் வைக்கலாமே என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

#14 குடியாத்தம் நண்டு

அண்ணா, இழையைத் திருப்புவதற்கு மன்னிக்கவும். என் தொட்டி ஒரு மாதம் ஆகிறது, வெள்ளை மணல் மேல் காபித் தூள் தூவினது போலப் பழுப்பு. கையால் விசிறினால் கலைகிறது. மணலை மாற்றிவிடலாமா? கடல் அட்டை விட்டால் மணலைச் சுத்தம் செய்யும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எங்கே கிடைக்கும்?

#15 ஆற்காட்டு அக்கா

கடல் அட்டை வேண்டவே வேண்டாம் தம்பி. அதையும் 2001-ல் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். வெளிநாட்டுக்காரர் வீடியோவில் சாதாரணமாகச் சொல்வார், நம் நாட்டில் வைத்திருந்தால் ஜெயில். யாரிடமும் விசாரிக்கக்கூடச் செய்யாதீர்கள்.

உங்கள் பழுப்பு டயட்டம். புதுத் தொட்டிக்கு வரும், சில வாரத்தில் தானாகப் போகும். மணலை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து வரும். நசாரியஸ் நத்தை நாலைந்து, செரித் நத்தை கொஞ்சம் விடுங்கள். நசாரியஸ் மணலுக்குள் புதைந்தே கிடக்கும், தீனி விழுந்த வாசனை வந்ததும் நாலு மூலையிலிருந்தும் மேலே கிளம்பி வரும். அந்த நடமாட்டமே மணலைக் கிளறிவிடும். அது பாசி தின்னாது, மிச்சத் தீனி தின்னும். பாசியை மேய்வது செரித்.

#16 ஆம்பூர் லேப்

குடியாத்தம் தம்பி, ஒன்று மட்டும் சரிபாருங்கள். பழுப்பு தூளாக இருந்தால் டயட்டம். சளி மாதிரி நூல் நூலாக, நுனியில் காற்றுக் குமிழியோடு, மாலையில் அதிகமாகி விடியற்காலையில் காணாமல் போனால் அது டைனோஃபிளாஜெல்லேட் என்ற இன்னொரு நுண்ணுயிர். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, மூடியுள்ள புட்டியில் போட்டு நன்றாகக் குலுக்கி, காபி ஃபில்டர் தாளில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். மறுபடி ஒன்றுகூடிக் கட்டியானால் டைனோ.

டைனோ பெரும்பாலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமான தொட்டியில் வரும். அதற்குத் தண்ணீரை மேலும் மேலும் மாற்றினால் அது கொண்டாடும். சிவப்புப் போர்வை மாதிரி உரிந்து வந்தால் சயனோபாக்டீரியா, அங்கே நீரோட்டம் போதவில்லை என்று அர்த்தம். மூன்றுக்கும் ஒரே மருந்து ஊற்றும் பழக்கம் நம் குழுவில் நிறையப் பேருக்கு இருக்கிறது.

#17 சத்துவாச்சாரி டேங்க்

நானும் ஒரு கேள்வி. அடுத்த மாதம் வீடு மாறுகிறோம், சத்துவாச்சாரியிலிருந்து பாகாயம். நாலு வருடத் தொட்டி, மணல் 7 செ.மீ. இருக்கும். கண்ணாடி ஓரம் அடியில் கருப்புத் திட்டு தெரிகிறது. மணலோடு அப்படியே வண்டியில் ஏற்றலாமா?

#18 உப்புத்தண்ணி (ராணிப்பேட்டை)

ஏற்றவே கூடாது. தூரம் கம்மி என்றாலும் கிரீன் சர்க்கிள் தாண்டுவதற்குள் மணல் புரண்டுவிடும். அந்தக் கருப்புத் திட்டில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், அழுகின முட்டை நாற்றம். இருந்த இடத்தில் இருக்கும்வரை ஒன்றும் செய்யாது, மேலே வரும் வழியில் ஆக்சிஜனில் பட்டு மாறிவிடும். மொத்தமாகக் கிளறினால்தான் மீன் சாகும்.

முதலில் மேல்தண்ணீரைக் கலங்காமல் டிரம்களில் பிடியுங்கள். மீனும் பாறையும் அந்தத் தண்ணீரில் தனியாக, ஏர்ஸ்டோன் போட்டு. மணலின் மேல் இரண்டு செ.மீ. மட்டும் கரண்டியால் வழித்து எடுத்து உப்புநீரில் அலசிக்கொள்ளுங்கள். மீதியைத் தூக்கிப் போடுங்கள், புது வீட்டில் புது மணல். நைட்ரிஃபை செய்யும் பாக்டீரியா பெரும்பாலும் பாறையில்தான் இருக்கிறது, அது உங்களோடு வருகிறது. இருந்தாலும் முதல் வாரம் அமோனியா சோதனை தினமும்.

கண்ணாடி ஓரம் தெரியும் எல்லாக் கருப்பும் சல்ஃபைடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் கண்ணாடி வழியே உள்ளே போவதால் பச்சையும் ஊதாவுமாகப் பாசிக் கோடு விழும். மணல் மட்டம் வரை வெளியே கருப்பு டேப் ஒட்டினால் போய்விடும்.

#19 நெமோ632

பார்த்தீங்களா, இதுக்குத்தான் மணலே வேண்டாம்னேன் 😄

சரி, ஒண்ணு நானும் ஒத்துக்கறேன். மணல் இருக்கிற தொட்டியில் வெளிச்சம் கீழிருந்து திரும்பி அடிக்கும், கோரலுக்கு அடிப்பக்கமும் நிறம் வரும். புது மீனைத் தனியா வைக்கிற குவாரண்டைன் தொட்டிக்கு மட்டும் யாரும் மணல் போடாதீங்க. வெள்ளைப் புள்ளி நோய்க்கு செம்பு மருந்து ஊத்தினா கார்பனேட் மணல் அதை உறிஞ்சிக்கும், மருந்து அளவு நிக்காது.

#20 காட்பாடிக் கடல்

எல்லோருக்கும் நன்றி. கொளத்தூரில் 20 கிலோ அரகோனைட் மூட்டை சொல்லிவைத்துவிட்டேன், ஊலைட், அரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் பெரம்பூர் போய் எடுத்து வரவேண்டும். டைமண்ட் கோபி இல்லை, வாட்ச்மேனும் பிஸ்டல் இறாலும்.

இரண்டு சந்தேகம். கழுவ வேண்டுமா? போட்ட பிறகு எவ்வளவு நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது?

#21 உப்புத்தண்ணி (ராணிப்பேட்டை)

உலர் மணல் என்றால் கழுவ வேண்டும். பக்கெட்டில் பாதிக்கு மேல் போடாதீர்கள். ஹோஸை அடிவரை செருகித் தண்ணீர் விட்டுக் கிளறிக் கொட்டுங்கள், பால் மாதிரி வருவது நின்று ஓரளவு தெளியும்வரை. காவிரித் தண்ணீர் வரும் நாளில் செய்யுங்கள், போர் தண்ணீரானால் கடைசி அலசல் ஆர்.ஓ.வில். லைவ் சாண்ட் என்று பாக்டீரியாவோடு ஈரமாக வரும் மூட்டையாக இருந்தால் கழுவாதீர்கள்.

பாறையை முதலில் கண்ணாடித் தரையில் உட்கார வையுங்கள், மணல் அப்புறம். மணல் மேல் பாறை வைத்தால் பிஸ்டல் இறால் அடியைத் தோண்டி ஒருநாள் சாய்த்துவிடும். தண்ணீர் நிரப்பின பிறகு மணல் போடுவதென்றால் ஒரு அகலமான பி.வி.சி. குழாயைத் தரை வரை இறக்கி அதன் வழியே கொட்டுங்கள். ஊலைட் என்பதால் கலங்கும். ஃபில்டர் ஃப்ளாஸ் (வடிகட்டும் பஞ்சு) மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டு நாளில் தெளிந்துவிடும். வேவ்மேக்கரை மேல்மட்டத்துக்குச் சற்றே தூக்கி வையுங்கள், அந்த மணிக்கு நேராக அடித்தால் ஒரு மூலையில் வெறும் தரை, இன்னொரு மூலையில் மணல் மேடு.

#22 ஆற்காட்டு அக்கா

சுத்தம் செய்வதை நான் சொல்கிறேன். தண்ணீர் மாற்றும்போது தரையை மூன்று பாகமாக மனதில் பிரித்துக்கொண்டு ஒரு முறைக்கு ஒரு பாகம் மட்டும் சைஃபன் செய்யுங்கள். குழாயை மணலில் செருகி, மணல் உள்ளே ஏறி வரும்போது கைவிரலால் ஹோஸை மடித்தால் மணல் இறங்கிவிடும், அழுக்குத் தண்ணீர் மட்டும் போகும். இறால் சுரங்கம் இருக்கும் பக்கம் கை வைக்காதீர்கள். ராஸ் தூங்கும் மூலையும் அப்படியே இருக்கட்டும், அதுவே கிளறிக்கொள்ளும். முதல் நாளிலிருந்தே செய்துவந்தால் பயமில்லை. ஒரு வருடம் தொடாமல் விட்டுவிட்டு ஒரே நாளில் முழுவதையும் கிளறுவதுதான் வினை.

மணல் கட்டியாக உறைந்து போனால் சொல்லுங்கள், அது அழுக்கு இல்லை. சுண்ணாம்புத் தண்ணீரோ பஃபரோ (காரத்தன்மை கூட்டும் பொடி) ஒரேயடியாக ஊற்றினால் கால்சியம் கார்பனேட் படிந்து மணி மணியோடு ஒட்டிக்கொள்ளும். ஆல்கலினிட்டி (காரத்தன்மை) டி.கே.எச். அலகில் 8, 9 பக்கம், மெக்னீசியம் 1300 பி.பி.எம். பக்கம் இருந்தால் வராது.

#23 ஆழ்மணல்

"அரகோனைட் போட்டால் பி.எச். தானாக நிற்கும்" என்று கடையில் சொல்வார்கள், அதை நம்பி ஆல்கலினிட்டி சோதனையை விட்டுவிடாதீர்கள். தொட்டித் தண்ணீர் 8-க்குப் பக்கத்தில் இருக்கும்வரை அந்த மணல் கரையாது. ஆனால் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரில் பாஸ்பேட் குறைக்கக் குறைக்க மணலிலிருந்து திரும்ப வெளியே விடும், "எவ்வளவு செய்தும் இறங்க மாட்டேன் என்கிறது" என்று புலம்ப வேண்டியிருக்கும். ஆரம்பத்திலேயே தீனியை அளந்து போடுங்கள்.

#24 காட்பாடிக் கடல்

குறித்துக்கொண்டேன். மீதம் ஒன்று: கண்ணாடி துடைக்கும் காந்தத்தை மணல் மட்டம் வரை இறக்கலாமா?

#25 நெமோ632

இறக்காதீங்க ப்ரோ. ஒரு மணி அதுக்குள்ள மாட்டினாலும் கண்ணாடி முழுக்கக் கோடு விழும், அழியவே அழியாது. மணலுக்கு ரெண்டு விரல் மேலேயே நிறுத்திடுங்க, அதுக்குக் கீழே பழைய ஏ.டி.எம். கார்டு வச்சு சுரண்டுங்க. ஞாயித்துக்கிழமை கொளத்தூர் வர்றீங்கன்னா சொல்லுங்க, கீட்டோமார்ஃபா ஒரு கவர் தர்றேன், சம்பில் போட்டுக்கலாம்.